மழை நாளின் கணக்கு

அடியில் ஓட்டை இல்லாத ஒரு புனல். கண்ணாடியில் செய்தது, ஒரு லிட்டர் பிடிக்கும், கீழே போகப்போகக் கூர்ந்து பென்சில் முனை மாதிரி முடியும். அதை ஸ்டாண்டில் நிறுத்தி, நிலக்கரிச் சுரங்கத்துக் குளத்திலிருந்து வழியும் தண்ணீரை ஊற்றி நிரப்புகிறார்கள். முக்கால் மணி நேரம் காத்திருக்கிறார்கள். பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்ட மண் கீழே இறங்கட்டும் என்று ஒரு கண்ணாடிக் குச்சியால் மெல்ல வருடிவிட்டு, இன்னும் கால் மணி நேரம். பிறகு குனிந்து, கண்ணைக் கூம்பின் முனைக்கு நேராக வைத்து, எத்தனை கோடுவரை சேறு படிந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். அரை மில்லிலிட்டருக்கு மேல் போகாமல் இருந்தால், அமெரிக்க விதிப்படி அந்தத் தண்ணீர் ஓடையில் கலக்கலாம்.

மழை பெய்த நாளில் மட்டும். வெயில் நாளில் இந்தக் கூம்புக்கு வேலையே கிடையாது. அன்றைக்குக் கணக்கு வேறு, கெடுபிடியும் வேறு. ஒரே குளம், ஒரே ஓடை, இரண்டு அளவுகோல். இது ஏன் வந்தது என்று தேடிப் போனால் நூற்றைம்பது ஆண்டுச் சண்டை ஒன்று கிடைக்கிறது.

கூம்பைப் பற்றி ஒரு வார்த்தை. இம்ஹாஃப் கூம்பு என்று பெயர். கார்ல் இம்ஹாஃப், ஜெர்மனியின் ரூர் கரிப்பகுதியில் எம்ஷர் ஆற்றுக்கென்று 1899இல் உருவான சங்கத்தில் வேலை பார்த்த பொறியாளர். அங்கே கீழே கரியை வெட்ட வெட்ட மேலே தரை இறங்கிக்கொண்டிருந்தது. சாக்கடைக் குழாயைப் புதைத்தால் உடைந்துவிடும். ஆகவே எம்ஷர் ஆற்றையே திறந்த சாக்கடையாக்கிவிட்டார்கள். கரிச்சுரங்கத் தண்ணீரை அளக்கும் கருவிக்குக் கரியால் கெட்ட ஊரில் வேலை பார்த்த ஒருவரின் பெயர் அமைந்தது பொருத்தம்தான்.

கரி தண்ணீரை எப்படிக் கெடுக்கிறது? கறுப்புப் பொடி கரைந்து ஓடுவதைத்தான் பலரும் நினைப்பார்கள். அது கண்ணுக்குத் தெரிகிற, ஒப்பீட்டளவில் சாதுவான சங்கதி. அசல் வில்லன் பைரைட்டு. இரும்பும் கந்தகமும் சேர்ந்த, பொன் போல மினுக்கும் தாது. கரியிலும் அதை ஒட்டிய பாறையிலும் இழையிழையாகக் கலந்திருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் காற்றுப் படாமல் கிடந்த அந்தப் பாறையை உடைத்து மேலே கொட்டியதும் காற்றும் மழையும் ஒருசேர வந்து சேர்கின்றன. கந்தகம் கந்தக அமிலமாகிறது, இரும்பு தண்ணீரில் கரைகிறது.

அத்தோடு நின்றால் பரவாயில்லை. கரைந்த இரும்பு மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஃபெரிக் இரும்பாக மாறும். அந்த ஃபெரிக் இரும்பே திரும்பிப் போய்ப் புதிய பைரைட்டைத் தாக்கும். பெற்ற பிள்ளை தாய்வீட்டை இடிக்கிற கதை. அமிலத் தண்ணீரில் இந்த மாற்றம் வேதியியலை மட்டும் நம்பி நடந்தால் ஆமை வேகம்தான். சிங்கர், ஸ்டம் என்ற இருவர் 1970இல் எழுதிய கட்டுரை, மொத்த வினையின் வேகத்தையும் பிடித்து நிறுத்தும் படி இதுதான் என்று காட்டியது. அந்த முட்டுக்கட்டையைத் தூக்கி எறிவது பாக்டீரியா. இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்தே பிழைக்கும் ஒரு வகையை, மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கக் கசிவிலிருந்து கோல்மரும் ஹிங்கிளும் 1947இலேயே கண்டு சொல்லியிருந்தார்கள். அது இருந்தால் அந்தப் படி பத்து லட்சம் மடங்குவரை வேகமெடுக்கும். தூண்டிவிடத்தான் மனிதன் வேண்டும். தொடர்ந்து நடத்த வேண்டியதில்லை.

இந்தத் தண்ணீர் சுரங்க வாயைத் தாண்டி, நல்ல ஓடையில் சேர்ந்து, அமிலம் கொஞ்சம் தணிந்ததும், கரைந்திருந்த இரும்பு துருவாகப் பிரிந்து கற்களின்மேல் படியும். அப்பலாச்சிய மலைப்பகுதியில் இதற்கு ‘மஞ்சள் பயல்’ என்று செல்லப் பெயர். பெயர்தான் மஞ்சள், நிறம் காவி. ஓடைக் கல்லைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பூச்சிகள் ஒளிய வேண்டிய இண்டு இடுக்கெல்லாம் பூசி மெழுகியது போல அடைபட்டிருக்கும். விரலால் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு வரும்.

எலைசா சாண்டர்சன் குடும்பத்துக்கு இந்த வேதியியல் எதுவும் தெரியாது. பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டனில், மெடோ புரூக் என்ற ஓடை நல்ல தண்ணீர் என்பதற்காகவே 1868இல் அதன் கரையில் இடம் வாங்கி வீடு கட்டினார்கள். மீன் குளம், வீட்டுக்குள் குழாய் என்று எல்லாம் அந்த ஓடையை நம்பித்தான். மேலே கரிச்சுரங்கம் வந்தது. கம்பெனி சுரங்கத்துத் தண்ணீரை இறைத்து ஓடைக்குள் விட்டது. மீன் செத்தது, குழாய் அரித்துப் போனது. வழக்கு பல ஆண்டுகள் மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. முதலில் சாண்டர்சன் பக்கம் சாய்ந்த நீதிமன்றம், 1886இல் கடைசியாகக் கம்பெனி பக்கம் நின்றது. தீர்ப்பின் சாரம் இதுதான்: சுரங்கத் தண்ணீர் பூமியில் தானாக ஊறுவது, கம்பெனி வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து கலக்கவில்லை, பெரும் சமூகத்தின் தொழில் தேவைக்கு முன்னால் தனி ஆட்களின் சிறு அசௌகரியம் விட்டுக்கொடுக்க வேண்டியதுதான்.

‘தானாக ஊறுவது.’ இந்த ஒரு வாதத்தின் ஆயுள் அசாத்தியமானது. 1937இல் பென்சில்வேனியா ஓடைகளைக் காக்கச் சட்டம் போட்டபோதுகூடச் சுரங்கக் கசிவுக்கு விலக்குக் கொடுத்தது. அந்தக் கதவை மாநிலம் முழுமையாக மூடியது 1965இல்தான்.

தேசம் முழுவதற்குமான மாற்றம் 1972இல் வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 26ஆம் தேதி காலை, மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில், கரி கழுவிய சேற்றைத் தேக்கியிருந்த அணை பல நாள் மழைக்குப் பின் உடைந்தது. சுரங்கக் கழிவையே குவித்துக் கட்டிய அணை அது. நான்கு நாள் முன்பு அரசு ஆய்வாளர் பார்த்து, திருப்தி என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். 125 பேர் இறந்தார்கள்; பள்ளத்தாக்கின் ஐயாயிரம் பேரில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். கடவுள் செயல் என்றது கம்பெனித் தரப்பு. மறுபடியும் அதே குரல்: பெய்தது மழை, நாங்கள் என்ன செய்ய?

அதே ஆண்டு அக்டோபரில், அதிபர் நிக்சனின் மறுப்பாணையைத் தள்ளிவிட்டு நாடாளுமன்றம் தூய நீர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. பஃபலோ கிரீக்கால் வந்த சட்டம் அல்ல இது; தொழிற்சாலைச் சாக்கடையும் நகரக் கழிவும்தான் அதற்கு முக்கியக் காரணம். அதன் அடிப்படைக் கட்டளை எளிமையானது. குறிப்பிட்ட ஒரு வாய் வழியாக மாசை நீர்நிலைக்குள் விட வேண்டுமானால் பெர்மிட் வேண்டும். அந்த வாய் எதுவாகவும் இருக்கலாம் என்று சட்டம் பட்டியல் போட்டது: குழாய், சாக்கடை, கால்வாய், சுரங்கப்பாதை, கிணறு, தனித்துத் தெரியும் பிளவு.

தொழிற்சாலைக்குக் குழாய் இருக்கும், காட்டிவிடலாம். மலையை வெட்டிக் குவித்த மண்மேட்டில் மழை பெய்து, அது தானே வாய்க்கால் அறுத்துக்கொண்டு ஓடினால் அது எந்த வாய்? அலபாமாவில் டேனியல் கிரீக் என்ற ஓடைக்காக சியாரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு தொடுத்த வழக்கில் இந்தக் கேள்விதான் மையம். யாரும் பம்பு வைத்து இறைக்கவில்லை. மழையும் புவியீர்ப்பும் சேர்ந்து செய்த காரியம் என்றார்கள் சுரங்கக்காரர்கள். 1980இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பதில் எனக்குப் பிடித்தமானது. தண்ணீரை ஓட்டியது இயற்கையாக இருக்கலாம். மேட்டைக் குவித்தது நீங்கள். அந்தக் குவியலால் தண்ணீர் குறிப்பிட்ட தாரைகளில் ஓடினால் அந்தத் தாரை சட்டத்தின் கணக்கில் வாய்தான். 1886இல் எலைசா சாண்டர்சனைத் தோற்கடித்த வாதத்துக்கு அங்கே ஒரு அடி விழுந்தது.

சரி, மழைத் தண்ணீரும் பெர்மிட்டுக்குள் வந்தாயிற்று. எவ்வளவு அழுக்கு வரை விடலாம்? சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கரிச்சுரங்கத்துக்கு வகுத்த அளவுகள் இவை: மிதக்கும் துகள் எந்த ஒரு நாளிலும் லிட்டருக்கு 70 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, மாதச் சராசரி 35. பழைய சுரங்கங்களுக்கு இரும்பு 7, சராசரி 3.5. அமிலம் கசியும் சுரங்கமானால் மாங்கனீசும் கணக்கில் வரும். பிஹெச் 6க்கும் 9க்கும் நடுவில். வெயில் நாளில் ஒழுங்காக நடத்தும் சுரங்கம் இதைச் சமாளித்துவிடும். சுண்ணாம்பைக் கலந்து அமிலத்தைக் கொல்லலாம், காற்றை ஊதி இரும்பைத் துருவாக்கி இறக்கலாம், மீதியைக் குளம் பார்த்துக்கொள்ளும்.

வண்டல் குளம் என்பது அடிப்படையில் ஒரு பொறுமைசாலி. வேறெதுவும் செய்யாது, தண்ணீரை நிற்க வைக்கும், கனமானது கீழே இறங்கும். எல்லாம் எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்பதில்தான் இருக்கிறது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள மணல், அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம் போதும். அதில் ஐந்தில் ஒரு பங்கு பருமனுள்ள துகளுக்கு முக்கால் மணி நேரம். இரண்டு மைக்ரான் களிமண் துகளுக்கு மூன்று நாள். பருமன் பாதியானால் நேரம் நாலு மடங்கு. 19ஆம் நூற்றாண்டில் ஸ்டோக்ஸ் கண்ட விதி. குளத்தின் உரிமையாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த விதி அவருக்காக வளையாது.

இப்போது மழையைக் கொட்டுங்கள். மண்மேடு கரைந்து வழக்கத்தைவிடப் பல மடங்கு சேறு குளத்துக்குள் வருகிறது. அதே நேரத்தில் தண்ணீரும் பல மடங்கு வந்து, நிற்க வேண்டியதை வெளியே தள்ளுகிறது. சேறு அதிகமாக வரும் நாளும் குளம் பொறுமை இழக்கும் நாளும் ஒன்றே. வெயில் நாளின் 70 மில்லிகிராமை அன்றைக்கு எட்ட வேண்டுமானால் மலைகளுக்கு நடுவில் குளத்துக்குப் பதில் ஏரியே வெட்ட வேண்டும். பள்ளத்தாக்கில் அவ்வளவு பெரிய குளம் கட்டினால் அதுவே இன்னொரு பஃபலோ கிரீக் ஆகிவிடும் அபாயமும் உண்டு.

ஆகவே விதி இறங்கி வந்தது. அமிலம் கசியாத மேற்பரப்புச் சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். மழையால் வெளியேற்றம் கூடினால் 70 மில்லிகிராமும் இரும்பும் ஒதுங்கிக்கொள்ளும். கூம்பின் அரை மில்லிலிட்டரும் பிஹெச்சும் மட்டும் நிற்கும். 24 மணி நேரத்தில் பெய்தது ‘பத்தாண்டு மழை’யைத் தாண்டிவிட்டால் கூம்பும் போய்விடும், பிஹெச் மட்டும்தான் மிச்சம். மழைதான் காரணம் என்று நிரூபிக்கும் பொறுப்பு சுரங்கக்காரருடையது. சுரங்க அலுவலகக் கூரையில் இருக்கும் மழைமானி சட்ட சாட்சியாவது இப்படித்தான்.

பத்தாண்டு மழை என்றால் பத்து ஆண்டுக்கு ஒரு முறை வருவது என்று அர்த்தமில்லை. எந்த ஓர் ஆண்டிலும் வர பத்தில் ஒரு வாய்ப்பு. மேற்கு வர்ஜீனியாவின் தென்பகுதியில் அது 9 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். ஐப்பசியில் சென்னை ஒரே ராத்திரியில் வாங்கிக்கொள்ளும் மழை. குளங்களை வடிவமைக்கும்போதும் இதே மழையைத்தான் அளவாக வைக்கிறார்கள். குளத்தின் வயிறும் சலுகையின் வாசலும் ஒரே எண்ணில் தொங்குகின்றன. அந்த எண்ணோ பழைய மழைப் பதிவேடுகளிலிருந்து கணக்கிட்டது. சூடேறும் காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும், பெரிய மழை இன்னும் பெரிதாகும் என்பதில் இன்றைக்கு யாருக்கும் சந்தேகமில்லை. பதிவேட்டைத் திருத்தாமல் விட்டால் சலுகை நாட்களின் எண்ணிக்கை தானாகக் கூடிக்கொண்டே போகும்.

கூம்பு அளப்பதும் முழு உண்மையில்லை. அரை மில்லிலிட்டர் ஈரச்சேறு பெரும்பாலும் நூறு மில்லிகிராமையாவது தாண்டும். ஒரு மணி நேரத்தில் இறங்காத களிமண் கணக்கிலேயே வராது. கூம்புக்குள் மேலே பால் தேநீர் நிறத்தில் தண்ணீர் நின்றாலும் முனையில் படிந்தது குறைவாக இருந்தால் தேர்ச்சிதான். இந்தச் சலுகையைச் சூழ்ச்சி என்று நான் சொல்ல மாட்டேன். இயற்பியலோடு செய்துகொண்ட சமரசம் அது. ஆனால் ஓடைக்கு வரும் சேற்றில் பெரும்பங்கு வருவது சமரசம் நடக்கும் அந்தச் சில நாட்களில்தான் என்பதை மறந்துவிட்டு, வெயில் நாளின் அறிக்கையை மட்டும் புரட்டினால் ஓடை நலமாக இருப்பதாகத் தோன்றும்.

அறிக்கையை எழுதுவது யார்? கம்பெனியேதான். மாதிரி எடுப்பது, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவது, எண்ணை நிரப்புவது எல்லாம் பெர்மிட் வைத்திருப்பவரின் செலவிலும் பொறுப்பிலும் நடக்கும். வேலிக்கு ஓணான் சாட்சி என்று தோன்றும். ஓணான் சில சமயம் உண்மையையும் சொல்லிவிடுகிறது: 2008இல் மாஸி எனர்ஜி என்ற கரிக் கம்பெனி 4,500க்கும் மேற்பட்ட மீறல்களுக்காக 2 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டபோது, பெரும்பாலான மீறல்கள் அவர்களே அனுப்பிய மாத அறிக்கைகளில் பதிவாகியிருந்தன. பார்க்கத்தான் ஆளில்லாமல் கிடந்தன. இன்னொரு வகையும் உண்டு. 2014இல் மேற்கு வர்ஜீனியாவின் பரிசோதனைக் கூடம் ஒன்றின் களப் பணியாளர், ஆண்டுக்கணக்காக மாதிரிகளில் நல்ல தண்ணீரைக் கலந்ததை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். எந்த இடத்தில் மொண்டால் சோதனையில் தேறும் என்பது அந்தக் கூடத்தின் ஆட்களுக்கு அத்துப்படி. அந்த இடத்துக்குத் தங்களுக்குள் ‘தேன் குழி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். குப்பியில் ஒட்டிய சீட்டில் ஓடையின் பெயர், உள்ளே தேன் குழியின் தண்ணீர்.

எல்லோரும் யோக்கியராகவே இருந்தாலும் தப்பும் மாசு ஒன்று உண்டு. மலை உச்சியை வெடித்து எடுத்து, உடைந்த பாறையைப் பள்ளத்தாக்கில் நிரப்பும் முறையில் 1985க்கும் 2001க்கும் இடையில் மட்டும் 724 மைல் ஓடை மண்ணுக்கடியில் போனது. அந்த நிரப்பலுக்குள் ஊறி வெளியே வரும் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். பிஹெச் அருமை, இரும்பு குறைவு, கூம்பில் ஒரு துளி சேறு இருக்காது. ஆனால் சல்ஃபேட்டும் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்து உப்பேறியிருக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது மின்கடத்துத்திறன். முதலில் உணர்வது மேஃப்ளை என்ற சின்னப் பூச்சி. ஈசல் போலச் சிறகு முளைத்து ஓரிரு நாளில் முடிந்துபோகும் உயிர் அது. அதன் இளம் பருவம் முழுக்க ஓடைக் கல்லடியில் கழிகிறது. இந்த ஓடைகளில் மேஃப்ளை வகைகள் அடியோடு காணாமல்போவதை 2008இல் வந்த ஆய்வு காட்டியது. 2011இல் முகமை, பூச்சிகளைக் காக்க 300 மைக்ரோசீமன்ஸ் என்ற அளவைப் பரிந்துரைத்தது. பெர்மிட்டில் கட்டாயமான எண்ணாக அது தேசிய விதிக்குள் ஏறவே இல்லை.

கடைசியாக, சுரங்கமே மூடிய பிறகு வரும் தண்ணீர். எலைசா சாண்டர்சனின் ஸ்க்ரான்டனிலிருந்து லாக்கவானா ஆறு இறங்கிப் போகும் திசையிலேயே போவோம். அந்த ஆறு சஸ்குவேஹானாவில் கலக்கும் பகுதியை அடுத்து, போர்ட் கிரிஃபித் என்ற இடத்தில், 1959 ஜனவரி 22 அன்று சஸ்குவேஹானாவின் படுகை உடைந்து ஆறு சுரங்கத்துக்குள் புகுந்தது. ஆற்றுக்கு அடியில் விட வேண்டிய பாறைத் தடிமனை விடாமல் வெட்டியிருந்தார்கள். பனிக்கட்டி மிதந்த ஆற்றில் பெரிய சுழல் ஒன்று திறந்தது. அதை அடைக்க ரயில் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளினார்கள். உள்ளே இருந்த 81 பேரில் 12 பேர் வெளியே வரவில்லை. அந்தப் பள்ளத்தாக்கின் ஆழ்சுரங்கத் தொழில் அதோடு படுத்தது. பம்புகள் நின்றன. ஒன்றோடொன்று இணைந்திருந்த பழைய சுரங்கங்கள் நிரம்பி, வீடுகளின் நிலவறைகளில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. 1962இல் ஓல்ட் ஃபோர்ஜ் அருகே ஆற்றங்கரையில் ஒரு மீட்டர் அகலத்தில் துளை போட்டு அழுத்தத்தை வடித்துவிட்டார்கள். வீடுகள் தப்பின. துளையிலிருந்து இன்றைக்கும் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டருக்கும் மேல் தண்ணீர் பொங்குகிறது. அதற்குக் கீழே லாக்கவானா காவி நிறம்.

இதற்கு யாரிடம் பெர்மிட் கேட்பது? 1977இல் வந்த மேற்பரப்புச் சுரங்கச் சட்டம், அதற்குப் பிந்திய சுரங்கங்களுக்குப் பிணைத்தொகை கட்டாயமாக்கியது. முந்தியவற்றுக்காக, வெட்டும் ஒவ்வொரு டன் கரிக்கும் கட்டணம் வாங்கி ஒரு நிதி வைத்தது. 2021இல் அந்தப் பணிகளுக்கு மேலும் 1,130 கோடி டாலர் ஒதுக்கினார்கள். பிணைத்தொகையோ முடிவுள்ள ஒரு தொகை. பைரைட்டுக்கு அப்படி முடிவு தேதி எதுவும் இல்லை. மேற்கு வர்ஜீனியாவில் கம்பெனிகள் கைவிட்டுப்போன சுரங்கங்களை மாநில அரசு ஏற்று, முடிந்த மட்டும் சுத்திகரித்து ஓடையில் விட்டுவந்தது. அதற்கும் பெர்மிட் வேண்டுமென்று சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன. அழுக்கை உண்டாக்கியவர்கள் நாங்களில்லை, துடைப்பவர்கள் என்றது அரசு. 2010இல் நான்காவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், வாயிலிருந்து தண்ணீரை விடுவது யாரோ அவருக்குப் பெர்மிட் வேண்டும், அழுக்கு எங்கே பிறந்தது என்பது கேள்வியே இல்லை என்று தீர்ப்புச் சொன்னது.

தர்க்கம் சரிதான், எனக்கும் அதில் குறை சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஓடையைக் காப்பாற்ற ஊர்க்காரர்கள் சேர்ந்து சுண்ணாம்புக்கல் வாய்க்காலும் சம்புப் புல் சதுப்பும் அமைக்கப் போனால், தொட்ட மாத்திரத்தில் அவர்களே ‘வெளியேற்றுபவர்’ ஆகிவிடுவார்களோ என்ற பயம் அதன் நிழலாக வந்தது. பென்சில்வேனியா 1999இலேயே இப்படிப்பட்டவர்களுக்கு மாநில அளவில் பாதுகாப்புக் கொடுத்திருந்தது. மத்திய அரசின் பாதுகாப்புச் சட்டம் 2024 டிசம்பரில்தான் வந்தது. கைவிடப்பட்ட தங்க, வெள்ளி, செம்புச் சுரங்கங்களைச் சுத்தம் செய்பவர்களுக்கு அது பொருந்தும். கரிச்சுரங்கம் அதில் சேரவில்லை.

ஓல்ட் ஃபோர்ஜ் துளையில் வருவது நிலத்தடி நீர் என்பதால் பனிக்காலத்திலும் உறைவதில்லை. பத்தாண்டு மழை, வெயில் நாள் என்ற பேதமும் அதற்குப் பெரிதாகக் கிடையாது. கரையெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும் ஜனவரியில், ஆவி பறக்க, காவி நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.